மூன்று பாகம் பிரிந்தால் எல்லாரும் சமமாகிவிடுவார்களா?

ஓமலூர் வாசகரின் கேள்வி – 2025 ஆகஸ்ட் 3

வாரிசு வரி போட வேண்டும் என்று மறுபடியும் பேச்சு. எனக்கு அது வீண் வேலையாகப் படுகிறது. எங்கள் பக்கம் எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் இதுதான்: தாத்தாவுக்கு 12 ஏக்கர், அப்பாவுக்கு 4, பேரனுக்கு 2. பாகம் பிரியப் பிரியப் பெரிய சொத்து தானாகக் கரைகிறது. இன்னும் ஒரு தலைமுறை போனால் எல்லாரும் ஒரே மட்டம். அப்புறம் வரி போட்டு எதைச் சமமாக்குவது?

ஆகஸ்ட் 3, இரவு

12, 4, 2. தாத்தாவுக்கு மூன்று மகன்கள் என்று புரிகிறது. மகள்கள் எத்தனை பேர்?

இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பிள்ளைகளுக்கும் பங்கு வைத்திருந்தால் ஆளுக்கு 2 ஏக்கர் 40 சென்ட். அப்பா கைக்கு வந்த 4 ஏக்கரில் 1 ஏக்கர் 60 சென்ட் அத்தைகளுடையது. பாகம் பிரிவது சமப்படுத்தும் என்று சொல்வதற்கு முன்னால், யாரை விட்டுவிட்டுப் பிரித்தார்கள் என்று பாருங்கள்.

ஆகஸ்ட் 4

அத்தைகளுக்குப் பிறகு வருகிறேன். முதலில் வெறும் கணக்கு.

சொத்து ஒரு பக்கம் பிரிகிறது, இன்னொரு பக்கம் வளர்கிறது. தலைமுறைக்கு 30 வருடம் என்று கொள்ளுங்கள். இரண்டாகப் பிரியும் சொத்து, ஒவ்வொரு பிள்ளை கையிலும் அப்பாவிடம் இருந்த அதே அளவில் நிற்க வேண்டுமானால், விலைவாசி போக ஆண்டுக்கு 2.34 சதவீதம் வளர்ந்தால் போதும். மூன்றாகப் பிரிந்தால் 3.73 சதவீதம். நான்காகப் பிரிந்தால் 4.73.

இதில் ஒரு குடும்பத்தின் சொத்து ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்கிறது. 30 வருடத்தில் 10 மடங்கு. மூன்று பேர் பிரித்துக்கொண்டாலும் ஆளுக்கு அப்பாவைப் போல 3.35 மடங்கு. இன்னொரு குடும்பத்தின் சொத்து 3 சதவீதமே வளர்கிறது. 2.43 மடங்காகி, மூன்றாகப் பிரிந்து, ஆளுக்கு 0.81. இரண்டு வீட்டிலும் மூன்று பிள்ளைகள், ஒரே சட்டம், ஒரே மாதிரிப் பாகம். ஆனால் ஒரு வீட்டுப் பிள்ளைகள் அப்பாவைத் தாண்டிப் போனார்கள், மற்ற வீட்டுப் பிள்ளைகள் கீழே இறங்கினார்கள். இந்த இடைவெளியைப் பாகப்பிரிவினை குறைக்கவில்லை.

எது 8, எது 3 என்று தீர்மானிப்பதில் உழைப்புக்கு இருக்கும் பங்கைவிட இடத்துக்கு இருக்கும் பங்கு பெரியது. மழையை நம்பிய மேட்டாங்காடும் சேலம் நகரத்து அஸ்தம்பட்டியில் ரோட்டை ஒட்டிய மனையும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. அதோடு, பெரிய சொத்துக்காரர் வருமானம் முழுவதையும் சாப்பிட்டுத் தீர்ப்பதில்லை. மிச்சம் மறுபடி சொத்தாகிறது. இரண்டு ஏக்கர்க்காரருக்கு வருகிற வெள்ளாமைப் பணம் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சரியாகப் போய்விடும்.

ஆகஸ்ட் 6

சிறு நிலம் பிரியும்போது அளவு மட்டும் குறைவதில்லை, தரமும் குறைகிறது. எல்லாரும் ஏக்கர் கணக்கையே பேசுவதால் இது மறைந்துபோகிறது.

சதுரமாக 4 ஏக்கர் காடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 417 அடி. கிழக்கே வண்டித்தடம். பிரிக்கும்போது எல்லாரும் தடத்தைத் தொட்டாக வேண்டும் என்பார்கள், அதனால் கிழமேலாக நீட்டுவாக்கில் கோடு போடுவார்கள். இரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 208 அடி அகலம். அடுத்த தலைமுறையில் 104 அடி அகலம், 417 அடி நீளம். எஃப்.எம்.பி.யில் (நில அளவை வரைபடத்தில்) பார்த்தால் ரிப்பன் ரிப்பனாகத் தெரியும். டிராக்டர் திருப்ப இடமில்லை, வரப்புகள் கூடிவிட்டன. குறுக்கே பிரித்திருந்தால் பின்பங்குக்காரருக்கு 15 அடித் தடம் விட வேண்டும். காட்டின் முழு நீளத்துக்கும் விட்டால் அதுவே 14 சென்ட்.

கிணறு இன்னும் மோசம். பாகப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கெல்லை முடிந்ததும் இந்த வரி வரும்: “மேற்படி நிலத்திலுள்ள கிணற்றில் 4-ல் 1 பாகமும், அதில் பொருத்தியுள்ள மின்மோட்டார் பம்ப்செட்டில் 4-ல் 1 பாகமும், மாமூல் வண்டித்தட பாத்தியமும் உள்பட.” அடுத்த பத்திரத்தில் அது 8-ல் 1. நாலு நாள் முறையில் ஒரு நாள் தண்ணீர் பாய்ந்த காட்டுக்கு எட்டு நாளில் ஒரு நாள். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில். மோட்டார் காயில் எரிந்தால் செலவைப் பங்கு போடுவதற்குள் ஒரு முறைத் தண்ணீர் போய்விடும். கடைசியில் யாராவது ஒருத்தர் கடன் வாங்கித் தனியாகப் போர்வெல் போடுவார். ஒரு போரின் செலவு 4 ஏக்கருக்கும் அதேதான், அரை ஏக்கருக்கும் அதேதான். இரண்டு போர் பொய்த்தால் பங்கு விலைக்கு வரும். வாங்குகிறவர் பெரும்பாலும் வசதியான பங்காளி, இல்லாவிட்டால் மனை போடுகிறவர்.

வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சராசரி நிலக் கைப்பற்று 1970-71-ல் 2.28 ஹெக்டேர், 2015-16-ல் 1.08. தமிழ்நாட்டில் 2015-16-ல் 0.75 ஹெக்டேர், அதாவது சுமார் 1 ஏக்கர் 85 சென்ட். நீங்கள் சொல்லும் கரைதல் இந்த மட்டத்தில் உண்மைதான். கரைவது எந்த மட்டத்தில் என்பதுதான் விஷயம்.

ஆகஸ்ட் 9

கரையாத மட்டத்துக்கு உதாரணம் வேண்டுமானால் மலைமேல் பாருங்கள்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். பெரிய எஸ்டேட்டுகளின் வேர் வெள்ளைக்காரர் காலத்தில் இருக்கிறது. 1961-ஆம் வருட நில உச்சவரம்புச் சட்டம் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பார்த்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வைத்தது. 1970-ல் அதை 15 ஆக்கினார்கள். சமவெளியில் நெல்லும் கரும்பும் போட்ட பெரிய பண்ணைகளை அது தொட்டது. ஆனால் காப்பி, தேயிலை, ரப்பர், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விலக்கு. தோட்டத்தைத் துண்டு போட்டால் விளைச்சல் கெடும் என்பது அதற்குச் சொன்ன காரணம். காரணத்தில் நியாயம் உண்டு: அராபிகா செடி வைத்து மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் காய்ப்பு, நிழலுக்கு சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி, பழம் உரிக்க பல்பர், காயவைக்கக் களம், குடோன். இதை நாலாக வெட்டினால் நாலு பல்பர் வேண்டும்.

ஓமலூர்க் கிணற்றுக்கும் இதே நியாயம் பொருந்தும். அங்கே யாரும் விலக்குக் கொடுக்கவில்லை.

பெரிய தோட்டக் குடும்பங்கள் பாகம் பிரிக்கும் முறையே வேறு. நிலத்தைக் கூட்டு நிறுவனத்தின் பெயரிலோ கம்பெனி பெயரிலோ வைத்துவிட்டுப் பங்குகளை மட்டும் பிரிப்பார்கள். ஐந்து வாரிசு என்றால் ஆளுக்கு 20 சதவீதம். தோட்டம் ஒன்றாகவே நிற்கும், மேனேஜர் ஒருவரே, வங்கிக்கு அடமானம் ஒன்றே. வெளியேற நினைப்பவர் தன் பங்கை மற்ற நால்வருக்கு விற்றுவிட்டுப் போகலாம், ஒரு செடியையும் பிடுங்க வேண்டாம். கீழே இரண்டு ஏக்கர்க்காரருக்கும் இது சட்டப்படி திறந்திருக்கும் வழிதான். ஆனால் அந்த வருமானத்தில் ஆடிட்டருக்கும் வருடாந்திரக் கணக்கு தாக்கலுக்கும் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகாது.

ஆகஸ்ட் 10

அத்தைகள்.

அம்மா முன்பே இறந்துவிட்டார்; அப்பா, இரண்டு மகன், ஒரு மகள்; பூர்வீகச் சொத்து. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பா இறந்ததும் முதலில் அப்பாவும் இரண்டு மகனும் பிரித்துக்கொண்டதாகக் கணக்கு, ஆளுக்கு 3-ல் 1. பிறகு அப்பாவின் 3-ல் 1 மூன்று பிள்ளைகளுக்கும். மகளுக்கு 9-ல் 1. மகன்களுக்கு ஆளுக்கு 9-ல் 4. சட்டமே அண்ணனுக்கு நாலு மடங்கு கொடுத்தது.

தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகளையும் கூட்டுப் பங்குரிமையாளர், அதாவது மகனைப் போலப் பிறப்பாலேயே பூர்வீகச் சொத்தில் பங்குள்ளவர், ஆக்கியது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவருக்கு இல்லை. மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9-ல் வந்தது. கல்யாணத் தடை போனது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற இழுபறியை 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் தீர்த்தார்கள்: வேண்டியதில்லை, பிறப்பாலேயே உரிமை. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரமாகவோ கோர்ட் டிக்ரியாகவோ முடிந்த பாகத்தைக் கிளற முடியாது. 1985-ல் கட்டிக்கொடுத்த பெண், 1995-ல் அண்ணன் தம்பிகள் பதிவு செய்து பிரித்துக்கொண்ட பாகம் என்றால் அவருக்குப் பிறப்பால் வரும் இந்தச் சம பங்கு இல்லை.

சட்டம் இவ்வளவு மாறியும் பத்திர எழுத்தர் மேசையில் மாறாத ஒரு காகிதம் விடுதலைப் பத்திரம். அதன் வாசகம்: “எனது திருமணத்தின்போது எனக்குச் செய்யவேண்டிய சீர்வரிசைகளைத் திருப்தியாகச் செய்துவிட்டபடியாலும், இன்று கீழ்க்கண்ட சாட்சிகள் முன்னிலையில் ரொக்கம் பெற்றுக்கொண்டபடியாலும், இனிமேல் எனக்கோ என் வாரிசுகளுக்கோ மேற்படி சொத்தில் யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை.” கையெழுத்து வாங்கும் நேரம் பெரும்பாலும் பதினாறாம் நாள் காரியத்தை ஒட்டித்தான். துக்கத்துக்கு வந்த பெண், வீடு நிறைய சொந்தம், அண்ணன் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் எந்தப் பெண் வழிகாட்டி மதிப்பைக் கேட்பார்?

செலவையும் பாருங்கள். 2 ஏக்கர் 40 சென்டுக்கு, ஏக்கர் 50 லட்சம் என்று வைத்தால், மதிப்பு 1 கோடியே 20 லட்சம். கிரயம் என்றால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 10 லட்சத்து 80 ஆயிரம். குடும்பத்துக்குள் விடுதலை என்றால் 2023 ஜூலைக்குப் பிறகு முத்திரை அதிகபட்சம் 40,000, பதிவு அதிகபட்சம் 10,000. ஐம்பதாயிரத்தில் முடிந்துவிடும். சலுகை குடும்பத்துக்கு என்று எழுதியிருந்தாலும் கைக்குப் போவது அண்ணனுக்கு.

கையெழுத்துப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: விடுதலை யார் பெயருக்கு என்று பாருங்கள். மூன்று அண்ணன் தம்பியில் ஒருவர் பெயருக்கு மட்டும் எழுதினால் பங்கு முழுக்க அவருக்கே போகும். “எல்லாருக்கும்தானே கொடுத்தேன்” என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

ஆகஸ்ட் 12

“சீர் செய்தாச்சே, 50 பவுன் போட்டாச்சே, அது பங்கு இல்லையா?” என்று வாழப்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. தங்கம் விலை ஏறவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வைத்திருந்த பெண்ணுக்கு அது நல்ல சொத்துதான். கேட்க வேண்டியது, அந்த நகை யார் கையில், எத்தனை நாள் இருந்தது என்பதை. மாமியார் வீட்டில் விசைத்தறி வாங்க அடகு, மச்சான் படிப்புக்கு அடகு, நாத்தனார் கல்யாணத்துக்கு அழித்துச் செய்தது. நிலப் பத்திரத்தில் அவர் பெயர் இருந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் அவர் கையெழுத்து வேண்டியிருக்கும். நகைக்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

இன்னொன்று, சீர் சம்பந்தி வீட்டின் அந்தஸ்தைப் பார்த்து நிர்ணயமாகிறது, பங்கின் மதிப்பைப் பார்த்து அல்ல. 12 ஏக்கர் வீட்டுப் பெண்ணுக்கும் 3 ஏக்கர் வீட்டுப் பெண்ணுக்கும் சீர் ஒன்றாக இருந்தால், 3 ஏக்கர் வீடு நிலத்தை விற்றுத்தான் செய்யும். ஏழை வீட்டில் பெண் பிறந்தாலே செலவு என்ற கணக்கு இங்கிருந்துதான் வந்தது. அது எங்கே கொண்டு போய் விட்டது என்பதற்கு, 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்க வேண்டி வந்ததே சாட்சி. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் சொத்து பற்றிய பேச்சில் இதைத் தவிர்க்கக் கூடாது.

ஆகஸ்ட் 13

நேற்று விட்டுப்போனது. பெண்ணின் பெயரில் இருக்கும் சொத்து, உயில் இல்லாமல் அவர் இறந்தால் எங்கே போகும்? இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவு. முதலில் பிள்ளைகளும் கணவரும். அவர்கள் யாரும் இல்லையென்றால் கணவரின் வாரிசுகள். அதற்குப் பிறகுதான் அவருடைய சொந்த அம்மா அப்பா. பெற்றோர் வழியில் வந்த சொத்து மட்டும், பிள்ளை இல்லாதபோது, அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். பிள்ளையில்லாத விதவை தன் சம்பளத்தில் வாங்கிய வீடு கணவரின் தம்பிக்குப் போகும், அவரை வளர்த்த அம்மாவுக்குப் போகாது. தடுக்க ஒரே வழி உயில். வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, அவர்களும் கையெழுத்துப் போட்டால் செல்லும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவது நல்லது. பங்கு பெறுகிறவரையே சாட்சியாகப் போடாதீர்கள்.

ஆகஸ்ட் 15

பூர்வீகம் என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்திவிட்டேன். அதில் ஒரு நுணுக்கம்.

1986-ல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: 1956-க்குப் பிறகு, அப்பாவின் தனிச் சொத்து 8-ஆம் பிரிவின்படி மகனுக்கு வந்தால், அது மகன் கையிலும் தனிச் சொத்துதான். அவன் பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை கிடையாது. அப்படியானால் ஒவ்வொரு மரணத்திலும் பூர்வீகச் சொத்தின் வட்டம் சுருங்குகிறது, சுயார்ஜிதத்தின் (தனிச் சொத்தின்) வட்டம் பெருகுகிறது. சுயார்ஜிதத்தில் அப்பா வைத்ததுதான் சட்டம். உயிரோடு இருக்கும்போதே மகன் பெயருக்கு தான செட்டில்மென்ட் எழுதிவிட்டால் மகள் கேட்க முடியாது. 2005 திருத்தம் கொடுத்த உரிமை எந்தச் சொத்தில் நிற்கிறதோ அந்தச் சொத்தே குறைந்துகொண்டு வருகிறது. நகரத்து வீடு, கடை, கம்பெனிப் பங்கு எல்லாம் பெரும்பாலும் சுயார்ஜிதம். வசதியான வீட்டு மகளுக்கு இந்தத் திருத்தத்தால் கிடைப்பது குறைவு.

செட்டில்மென்ட் எழுதும் பெரியவர்களுக்கு: பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பிள்ளை கைவிட்டால் 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் ரத்து கேட்க அந்த வரி உதவும்.

ஆகஸ்ட் 17

மலையாளி மக்களைப் பற்றி (கேரளத்தார் அல்ல, இந்த மலையில் வாழும் பழங்குடியினர்) யாரும் கேட்கவில்லை, ஆனாலும் ஏற்காட்டைப் பேசிவிட்டு அவர்களை விட முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 2(2) பிரிவின்படி, மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய, பட்டியல் பழங்குடிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. மலையாளிகள் சேலம் மாவட்டத்தில் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். 1989-ம் 2005-ம் மலை ஏறவில்லை என்று அர்த்தம். கடந்த ஜூலை 17-ல் உச்ச நீதிமன்றம், கோண்டுப் பெண் ஒருவரின் வாரிசுகள் தொடுத்த வழக்கில், பழங்குடிப் பெண்ணுக்கும் சம பங்கு என்று தீர்ப்பளித்துவிட்டதால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது.

வன உரிமைச் சட்டம் 2006 இதைவிட நேராக எழுதப்பட்டது. 4(4) பிரிவு: உரிமைச் சான்று கணவன் மனைவி இருவர் பெயரிலும், வாரிசுக்குப் போகும், யாருக்கும் விற்க முடியாது. உச்ச அளவு 4 ஹெக்டேர். விற்க முடியாததால் வெளியார் கைக்குப் போகாது. அதே காரணத்தால் அடமானமும் வைக்க முடியாது.

ஆகஸ்ட் 24

ஓமலூர் வாசகருக்கு ஒரு கடன் பாக்கி. அவர் பக்கமும் ஆதாரம் இருக்கிறது.

ஸ்வீடனில் ஒவ்வொருவர் சொத்தும் பதிவேட்டில் இருந்த காலத்துத் தகவலை வைத்துச் செய்த ஆய்வுகள், வாரிசுச் சொத்து வந்தவுடன் ஏற்றத்தாழ்வு விகிதம் குறைகிறது என்கின்றன. ஒரு லட்சம் வைத்திருப்பவருக்கு இரண்டு லட்சம் வந்தால் அவர் மூன்று மடங்காகிறார். பத்து கோடிக்காரருக்கு ஒரு கோடி வந்தால் பத்து சதவீதம்தான். வந்த தொகை பெரியது பணக்காரருக்கு, விகிதத்தில் பெரியது ஏழைக்கு.

ஆனால் அதே நாட்டுத் தரவுகளில் பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது குறைந்தது திரும்பிவிட்டது. கொஞ்சம் வைத்திருந்தவர்கள் வந்ததைச் செலவழித்திருந்தார்கள். நிறைய வைத்திருந்தவர்களின் சொத்து அப்படியே நின்றது. இங்கே சொல்வதானால், பாகப் பணத்தில் கடன் அடைத்து, ஓட்டு வீட்டுக்கு மெத்தை போட்டு, மகளைக் கட்டிக்கொடுத்து முடித்த வீடும், பாகப் பணத்தை இன்னொரு மனையில் போட்ட வீடும். முதல் வீட்டார் ஊதாரி அல்ல. அவர்களுக்கு அந்தச் செலவுகள் இருபது வருடமாகக் காத்துக்கிடந்தவை.

செப்டம்பர் 2

பாகம் பிரிவதே நின்றுபோகும் நாள் வருகிறது என்று யாராவது யோசித்தீர்களா?

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி பிள்ளை 1.8 என்கிறது 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு. மேலே போட்ட கணக்கில் மூன்று, நான்கு என்று வகுத்ததெல்லாம் பழைய தலைமுறைக்கு. ஒற்றைப் பிள்ளையும் ஒற்றைப் பிள்ளையும் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை பெற்றால், நான்கு தாத்தா பாட்டிகளின் சொத்து ஒரே ஆளிடம் சேரும். வகுத்தல் போய்க் கூட்டல் வந்துவிட்டது. கல்யாணம் இன்னும் சமமான வசதிக்குள்ளும் ஒரே சாதிக்குள்ளும் நடப்பதால், இரண்டு பக்கமும் இருப்பவனுக்கு இரண்டு பக்கமும் சேரும், இரண்டு பக்கமும் இல்லாதவனுக்கு இரண்டு பக்கமும் சேராது. இனி வரும் முப்பது வருடத்தில் “தானாகக் கரையும்” என்ற வாதத்துக்கு அடியில் மண் இருக்காது.

செப்டம்பர் 7

இதுவரை பேசியதெல்லாம் வைத்திருப்பவர்கள் கதை. எஸ்டேட் லைன் வீட்டுக்கு வருவோம்.

1951-ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளி வீடு கொடுக்க வேண்டும் என்றது. வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். முப்பது வருடம் ஒரே கூரைக்கடியில் வாழ்ந்தவர் பிள்ளைக்கு விட்டுப்போக அதில் ஒரு செங்கல்கூட இல்லை. மிஞ்சுவது பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும். பணிக்கொடைக் கணக்கு: கடைசி மாதச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து வருடத்தால் பெருக்க வேண்டும். சம்பளம் 12,000, முப்பது வருடம் என்று வைத்தால் 2 லட்சத்து 7 ஆயிரத்துச் சொச்சம். இதை வைத்து மனை வாங்கிக் கூரை போட முடியுமா? முடியாததால் பிள்ளையும் அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்கிறது, கூரையைக் காப்பாற்றிக்கொள்ள. எஸ்டேட்டின் பங்குப் பத்திரம் ஒரு வீட்டில் வாரிசுக்குப் போகிறது. இந்த வீட்டில் வாரிசுக்குப் போவது வேலைதான்.

செப்டம்பர் 21

காகிதம் பற்றிப் பலர் கேட்டதால் வரிசையாக.

இறப்பை 21 நாளுக்குள் பதியுங்கள். ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். அடுத்து வாரிசுச் சான்று: இ-சேவையில் 60 ரூபாய், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்துத் தாசில்தார் கொடுப்பார். இது பெயர்ப் பட்டியல் மட்டும், பாத்தியச் சான்று அல்ல. இங்கே நடக்கும் பெரிய தவறு கட்டிக்கொடுத்த மகளின் பெயரை விடுவது. அதற்கடுத்தது ஆதாரில் ஒரு இனிஷியல், பத்திரத்தில் ஒரு இனிஷியல்.

பிறகு வில்லங்கச் சான்று. 1975-லிருந்து இணையத்தில் எடுக்கலாம், அதற்கு முந்தையது பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டு. பிறகு பட்டா. முதலில் கூட்டுப் பட்டா, பத்திரமான பிறகு சர்வேயர் அளந்து உட்பிரிவு. பட்டாவில் பெயரே தப்பாக இருந்தால் 1979-87 யுடிஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) சமயத்தில் நேர்ந்ததா என்று பழைய ‘அ’ பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். அந்தத் திருத்தம் மாவட்ட வருவாய் அலுவலர் வரை போகும்.

இதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று: பிரதமர் கிசான் உதவி ஆண்டுக்கு 6,000. நிலம் 2019 பிப்ரவரி 1-க்கு முன் உங்கள் பெயரில் இருக்க வேண்டும்; அதற்குப் பிறகு மாறியது என்றால் இறப்பால் வந்த வாரிசு மாற்றம் மட்டும் ஏற்பு. தாத்தா பெயரிலேயே பட்டாவை வைத்திருந்த வீடுகளுக்கு வருடா வருடம் அது கிடைக்காமல் போகிறது. வக்கீலும் ஆடிட்டரும் கைவசம் இருக்கும் வீட்டில் இந்த வேலைகள் ஒரு மாதத்தில் முடியும். தினக்கூலிக்குப் போகிறவருக்குத் தாலுகா ஆபீஸ் ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி.

அக்டோபர் 12

ஆகஸ்ட் 17 குறிப்பில் “பிரச்சினை தீர்ந்தது” என்று எழுதியது தவறு. ஜூலைத் தீர்ப்பு வாரிசுரிமைச் சட்டத்தைப் பழங்குடிகளுக்கு விரிக்கவில்லை. பெண்ணை விலக்கும் வழக்கம் இருக்கிறது என்று எதிர்த்தரப்பு நிரூபிக்காதபோது சமத்துவத்தின் அடிப்படையில் பங்கு உண்டு என்றது. இந்த அக்டோபர் 8-ல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், சட்டம் பட்டியல் பழங்குடிகளுக்குப் பொருந்தாது என்று திரும்பவும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே மலைப் பெண்ணின் நிலை: சட்டம் இல்லை, வழக்கத்தின் மேல் வாதாட வேண்டும். மாற்ற ஒரு அரசிதழ் அறிவிப்பு போதும், நாடாளுமன்றம்கூட வேண்டாம். 2022-லேயே உச்ச நீதிமன்றம் மத்திய அரசைப் பரிசீலிக்கச் சொன்ன விஷயம் இது.

நவம்பர் 3

வங்கிக் கணக்குக்கு இந்த மாதம் முதல் நான்கு நியமனதாரர் வரை போடலாம். நல்லது. ஆனால் நியமனதாரர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவர், உரிமையாளர் அல்ல. “நாமினி நான்தான்” என்று அண்ணன் சொன்னால் அதோடு அடங்கிவிடாதீர்கள்.

நவம்பர் 9

கடைசியாக வரி.

இந்தியாவில் இறப்பு வரி 1953 முதல் 1985 மார்ச் வரை இருந்தது. உச்ச வீதம் 85 சதவீதம். வசூல் சுமார் 20 கோடிதான், நிர்வாகச் செலவு அதிகம் என்று வி.பி. சிங் நீக்கினார். வீதம் அவ்வளவு உயரமாக இருந்தால் சொத்தைச் சாவதற்கு முன்பே பெயர் மாற்றுவார்கள், மதிப்பைக் குறைத்துக் காட்டுவார்கள். வசூல் அப்படித்தான் வரும். அதை வைத்து வாரிசு வரியே பயனற்றது என்று முடிவு கட்டக் கூடாது. செல்வ வரியும் 2015-ல் போனது. இன்று அப்பாவிடமிருந்து எத்தனை கோடி வந்தாலும் வாங்குகிறவருக்கு வரி இல்லை. விற்கும்போது மட்டும் மூலதன ஆதாய வரி. 12 மணி நேரம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் உட்கார்பவர் வாங்கும் சோப்புக்கு வரி உண்டு.

உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024-ல் முன்வைத்தது: 10 கோடிக்கு மேற்பட்ட சொத்துக்கு ஆண்டுக்கு 2 சதவீதம், 10 கோடிக்கு மேல் விட்டுச்செல்லும் பகுதிக்கு 33 சதவீதம். அவர்கள் கணக்கில் பெரியவர்களில் 10,000-க்கு 4 பேரை மட்டும் தொடும். மேல்தட்டு 1 சதவீதத்தினர் கையில் நாட்டுச் சொத்தில் 40.1 சதவீதம் என்பதும் அவர்கள் மதிப்பீடு. ஓமலூர்த் தாத்தாவின் 12 ஏக்கர், ஏக்கர் 50 லட்சம் என்றாலும், 6 கோடி. அவருக்கு இந்த வரி வராது. நான் இந்த வரியை ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: வருகிற பணத்தில் முதல் பங்கு, நிலமோ வீடோ இல்லாதவர் பெயரில் வீட்டுமனைப் பட்டாவாக, மனைவி பெயரையும் சேர்த்து, போக வேண்டும்.

நவம்பர் 16

ஓமலூர் வாசகர் தனியாக எழுதிய கேள்வியை அவர் அனுமதியோடு இங்கே வைக்கிறேன்: “எங்கள் வீட்டு 12 ஏக்கரும் 1996-ல் கூர்ச்சீட்டில் பிரித்ததுதான். பதிவு இல்லை. அத்தைகள் இருவரும் இருக்கிறார்கள். இப்போது கேட்க முடியுமா?”

முடியும். பதியாத கூர்ச்சீட்டு (குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் பாகக் காகிதம்) 2004 விலக்குக்குள் வராது. வாய்மொழிப் பாகத்தைக் கோர்ட் லேசில் ஏற்காது. 1997-98-லேயே தனித்தனிப் பட்டா, தனித்தனி கிஸ்தி ரசீது ஆகியிருந்தால் உங்கள் தரப்பு அதைக் காட்டி வாதாடலாம். கூட்டுரிமையாளர் ஒருவர் அனுபவித்துவந்தது மட்டுமே எதிரிடை அனுபவம், அதாவது நெடுநாள் அனுபவத்தால் வரும் உரிமை, ஆகிவிடாது. அத்தைகள் வழக்குப் போட்டால் கோர்ட் கட்டணம், பங்கிலிருந்து விலக்கப்பட்டவர் என்ற நிலையில், பங்கு மதிப்புக்கு 3 சதவீதம். அவர்களால் முடியாவிட்டால் சேலம் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு இலவச உதவிக்கு வருமான வரம்பே கிடையாது.

வழக்கு வரை போவதற்கு முன், நீங்களே 1975-லிருந்து ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அத்தைகள் எழுதிய விடுதலைப் பத்திரம் அதில் இருந்தால் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த 12 ஏக்கர் இன்னும் ஐந்து பங்குதான், உங்கள் அப்பாவுடையது 2 ஏக்கர் 40 சென்ட்.